பத்துக்கு ஏழு போதுமா?

கேள்வி: என் அக்காவின் மகன் அமெரிக்காவில் கல்லூரி அணிக்குக் கூடைப்பந்து ஆடுகிறான். விடுமுறைக்கு உப்புவெளிக்கு வந்தவன் காலையும் மாலையும் மூன்று புள்ளி எறிதல்தான் (தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறிவது) பழகினான். பத்துக்கு ஏழு விழுகிறது. அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வுக்குப் போவானா?
— வாசகி, திருகோணமலை

பதில்: பத்துக்கு ஏழு நல்லதுதான் அக்கா, ஆனால் முன்னால் ஒருவன் கையை நீட்டி மறித்தபோதா, வெறும் வளையத்துக்கா என்று நீங்கள் சொல்லவில்லையே. அப்புறம் எந்தக் கோட்டில் நின்று எறிந்தான்? கல்லூரிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர், என்.பி.ஏ.யில் வளையத்துக்கு நேரெதிரே 7.24. அரை மீட்டர்தானே என்று தோன்றும், கடைசிப் பத்து நிமிடத்தில் கால் களைத்து, பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும்போதுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும். (கடற்காற்றில் பழகியவனுக்கு உள்ளரங்கம் சுகமாக இருக்கும், அது வேறு கதை.)

என்.பி.ஏ. அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆண்டுக்கு எடுபடுவது உலகம் முழுக்கச் சேர்த்து அதிகபட்சம் 60 பேர். பிந்தி எடுபட்டவர்களும் சாதித்திருக்கிறார்கள்: நாலு வருடம் கல்லூரியில் ஆடி, பிறகு என்.பி.ஏ. நட்சத்திரமான டிரேமண்ட் கிரீனை 2012இல் 35ஆவதாகத்தான் எடுத்தார்கள், அவரைப் பெரிய ஆளாக்கியது எறிதல் இல்லை, தடுப்பாட்டம். உங்கள் பெறாமகன் அதைப் பழகினானா? சரி, அங்கே கிடைக்காவிட்டாலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சம்பளம் கொடுத்து ஆடவைக்கிறார்கள், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.