என்கிளெக்ஸ் கோட்டை விட்டாச்சு, அடுத்து என்ன?

கேள்வி: அக்கா, பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஏழு வருடமாக ஐ.சி.யூ.வில் இருக்கிறேன். போன மாதம் சென்னையில் அமெரிக்க லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் எழுதினேன். 150 கேள்வியும் வந்தது, ஃபெயில். ஜூனியர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன், வென்டிலேட்டரில் அலாரம் அடித்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அப்படியிருந்தும் தேறவில்லை என்றால் இத்தனை வருடம் என்ன வேலை பார்த்தேன் என்றே தெரியவில்லை. கோச்சிங் சென்டரில் மறுபடி முழு பேட்ச்சில் சேரச் சொல்கிறார்கள். மாமியாரிடம் இன்னும் ரிசல்ட்டைச் சொல்லவில்லை. 45 நாள் முடிந்ததும் உடனே எழுதிவிடட்டுமா?
(பெயர் வேண்டாம், நாகர்கோவில்)

பதில்: நானும் முதல் தடவை ஃபெயில்தான் தங்கச்சி. நான் எழுதிய காலத்தில் குறைந்தது 75, அதிகபட்சம் 265 கேள்வி. எனக்கு 75-லேயே திரை நின்றுவிட்டது, ஆஹா சீக்கிரம் முடிந்தால் பாஸ்தான் என்று யாரோ சொன்னதை நம்பி, தோழியை இழுத்துக்கொண்டு போய் பிரியாணி சாப்பிட்டு, அவள் பில்லையும் நானே கொடுத்தேன். ரிசல்ட் வந்ததும் அவள் அந்தப் பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இன்றுவரை பேசியதில்லை, நல்ல மனுஷி.

இப்போது குறைந்தது 85, அதிகபட்சம் 150. நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டர் அடுத்த கேள்வியைக் கடினமாக்கும், தப்பினால் இறக்கும். தேறியவரோ தேறாதவரோ, எல்லோருமே ஏறக்குறைய பாதிக் கேள்விக்குத்தான் சரியான விடை சொல்லியிருப்பார்கள், எவ்வளவு கடினமான கேள்வியில் அந்தப் பாதி வந்தது என்பதுதான் கணக்கு. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீதம் உறுதியானதும் நிறுத்திவிடும். எனக்கு 75-ல் நின்றது அதனால்தான்: கீழே என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை! உங்களை 150 வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றால் கடைசிவரை அதனால் முடிவு செய்ய முடியவில்லை, கோட்டை ஒட்டியே ஓடிக் கடைசியில் ஒரு பிசிறு கீழே நின்றிருக்கிறீர்கள். எதுவுமே தெரியாதவரை அது 150 வரை உட்கார வைக்காது.

கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் ஒரு காகிதத்தை எடுத்துப் பாருங்கள். தேறாதவர்களுக்கு மட்டும் வரும் ரிப்போர்ட் ஒன்று உண்டு. ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா, அருகிலா, கீழேயா என்று அதில் போட்டிருக்கும். நிறையப் பேர் அதை மனவேதனையில் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் இரண்டு வாரம் கழித்துத்தான் திறந்தேன். நம் ஊர் நர்ஸ்கள் என்னிடம் காட்டியவற்றில், உடல் நோய்களைக் கவனிக்கும் பகுதிகள் பெரும்பாலும் மேலே அல்லது அருகில் இருக்கும், அடிவாங்குவது வேறு இரண்டு இடம்: வேலையைப் பிரித்துக்கொடுத்து நோயாளிகளை நிர்வகிப்பது, மனநலம் சார்ந்த பேச்சு. முதலாவதற்கு மட்டுமே தேர்வில் 15 முதல் 21 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், மற்ற எந்தப் பகுதிக்கும் அவ்வளவு இல்லை.

ஏன் அங்கே விழுகிறோம்? நாம் வார்டில் வேலை பார்க்கிற மாதிரியே பதில் சொல்கிறோம், அதனால்தான். ஒரு கேள்வியைப் பாருங்கள். ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம், நோயாளி குளிர் நடுங்குகிறது, இடுப்பு வலிக்கிறது என்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்? என் முதல் வார்டில் நாங்கள் செய்தது இதுதான்: வேகத்தைக் குறைத்துவிட்டு டூட்டி டாக்டருக்கு போன். அவர் எடுக்காவிட்டால் மறுபடி போன். ஒரு பாட்டில் ரத்தத்துக்கு வீட்டார் எங்கெங்கோ அலைந்து டோனர் பிடித்து வந்திருப்பார்கள், அதை நாமாக நிறுத்துவதா என்று கை தயங்கும், நிறுத்தினால் ரவுண்ட்ஸில் யார் சொல்லி நிறுத்தினாய் என்று கேட்பார்களே என்ற பயம் வேறு. தேர்வில் சரியான விடை: உடனே நிறுத்து. அப்புறம் புது டியூபில் நார்மல் சலைன் போட்டு நரம்பைத் திறந்து வை, அதற்குப் பிறகு டாக்டர், ரத்த வங்கி. உங்களுக்கும் இது தெரியும், பரீட்சைத் தாளில் வரிசையாக எழுதச் சொன்னால் எழுதிவிடுவீர்கள். ஆனால் நாலு விடை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஏழு வருடப் பழக்கம் மவுஸைப் பிடித்து 'டாக்டருக்குத் தெரிவி' என்பதில் கொண்டுபோய் வைத்துவிடும்.

யாரை முதலில் பார்ப்பாய் என்ற கேள்வியும் இப்படித்தான். நாலு பேர்: சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள தாத்தாவுக்கு ரத்த ஆக்சிஜன் சாச்சுரேஷன் 90, அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பையனுக்குப் பத்துக்கு ஏழு வலி, சர்க்கரை 240 உள்ள அம்மா, நேற்று தைராய்டு எடுத்த பெண் உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறது என்கிறாள். கத்துகிறவரிடம் முதலில் ஓடுவதுதான் வார்டு வழக்கம், அதனால் பையன், இல்லாவிட்டால் 90-ஐப் பார்த்துப் பதறித் தாத்தா. அந்தத் தாத்தாவுக்கு 90 என்பது எதிர்பார்த்ததுதான். பார்க்க வேண்டியது அமைதியாக உட்கார்ந்து உதட்டைத் தடவிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணை, தைராய்டோடு, ஒட்டியிருந்து கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிக்கும் அடிபட்டுக் கால்சியம் இறங்குகிறது, விட்டால் குரல்வளை இறுகி மூச்சு நிற்கும்.

வேலை பிரிப்பது இன்னும் மோசம், ஏனென்றால் நம் ஊரில் அந்த அமைப்பே கிடையாது. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் கூட இருக்கும் பைஸ்டாண்டர் தலையில், மீதி ஆயா அக்கா, இன்னும் மீதி எல்லாம் நாம். அமெரிக்காவில் ஆர்.என். என்ற பதிவு பெற்ற நர்ஸ் (நீங்கள் எழுதுவது இதற்குத்தான்), அவருக்குக் கீழே எல்.பி.என். என்ற அடுத்த நிலை நர்ஸ், அதற்கும் கீழே உதவியாளர். நிலையாக இருக்கும் நோயாளிக்கு பி.பி. பார்ப்பது, நடக்க வைப்பது, குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளப்பது உதவியாளருக்கு. மதிப்பீடு செய்வது, முதன்முதலாகக் கற்றுக்கொடுப்பது, நிலையில்லாத நோயாளி, இவை ஆர்.என். கையை விட்டுப் போகவே கூடாது. எல்லாவற்றையும் நானே செய்துவிடுகிறேன் என்ற நம்முடைய நல்ல குணத்துக்கு அங்கே மார்க் இல்லை.

பேச்சுக்கு வருவோம். நாளை ஆபரேஷன், பயமாயிருக்கு சிஸ்டர் என்கிறார் ஒரு பாட்டி. 'ஒண்ணும் ஆகாதும்மா, சாமி இருக்கு' என்று கையைப் பிடித்துச் சொல்வோம், பாட்டியும் தூங்கிவிடுவார். தேர்வில் அது பொய்யான ஆறுதல், தவறு. எதை நினைத்துப் பயமாயிருக்கிறது, சொல்லுங்கள் என்று கேட்கும் விடைதான் சரி. எனக்கு இதில் இன்றுவரை முழு உடன்பாடு இல்லை, பாட்டி கையையும் பிடிக்கலாம் கேள்வியும் கேட்கலாம், ஆனால் லைசென்ஸ் கொடுப்பது நானில்லையே.

மருந்துப் பெயர்களை ஒரே ராத்திரியில் சரிசெய்துவிடலாம். அவர்களுக்கு அசெட்டமினோஃபென் என்றால் நமக்குப் பாராசிட்டமால், அல்பியூட்டரால் நம் சால்ப்யூட்டமால், எபினெஃப்ரின் அட்ரினலின், மெப்பரிடின் பெத்திடின். பொட்டாசியம் அதிகமுள்ள பழம் எது என்ற கேள்வியில் காண்டலூப் என்று பார்த்துத் திருதிருவென்று முழித்தேன், கடைசியில் நம் முலாம்பழ வகையறாதான்.

இன்னொன்று, இந்தத் தேர்வில் பின்னால் போக முடியாது, தெரியாததை விட்டுவிட்டு அப்புறம் வரலாம் என்பதும் கிடையாது. தெரிந்ததை முதலில் எழுதி அடிஷனல் ஷீட் வாங்கிப் பழகிய நமக்கு இது கை கால் கட்டிப்போட்ட மாதிரி. 'பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு' வகையில் சரியான டிக்குக்கு ஒரு புள்ளி வரும், தப்பான டிக்குக்கு ஒரு புள்ளி போகும், பூஜ்யத்துக்குக் கீழே மட்டும் இறங்காது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் டிக் போடாதீர்கள்.

படிக்கும் விதம். ஒரு நாளைக்கு 150 கேள்வி போட்டேன் என்று பெருமைக்குச் சொல்வதை விட்டுவிட்டு, நைட் டூட்டி முடிந்து தூங்கி எழுந்து 40 அல்லது 50 போடுங்கள், அதைப் போல இரண்டு மடங்கு நேரம் விளக்கத்தைப் படியுங்கள், சரியாகப் போட்டதற்கும் சேர்த்து. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு தப்புக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: தெரியாது, கேள்வியைத் தப்பாகப் படித்தேன், தெரியும் ஆனால் வார்டு மாதிரி பதில் சொன்னேன். பத்து நாள் கழித்து எண்ணிப் பாருங்கள். 'தெரியாது' அதிகமாக இருந்தால் கோச்சிங்குக்குக் கட்டுங்கள், தப்பில்லை. என் நோட்டில் மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது, உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று படுகிறது. அதற்கு மறுபடி முழு பேட்ச்சில் உட்கார்ந்து இருதய அறைகளை எண்ணுவதால் என்ன பயன்?

45 நாள் என்பது அதற்கு முன் எழுத முடியாது என்ற கணக்கு, அன்றைக்கே எழுத வேண்டும் என்பதல்ல. வருடத்துக்கு எட்டு முறை வரை எழுத, தேர்வை நடத்தும் என்.சி.எஸ்.பி.என். அமைப்பு அனுமதிக்கிறது, ஆனால் சில மாநிலங்களின் விதி கடுமை, ஃப்ளோரிடாவில் மூன்று முறை தவறினால் தனியாக ஒரு பயிற்சி முடித்துத்தான் நாலாவது முறை எழுத விடுவார்கள். நீங்கள் லைசென்ஸுக்கு விண்ணப்பித்த அமெரிக்க மாநில நர்சிங் போர்டின் விதியைப் படித்துவிடுங்கள். மறுபடி 200 டாலர், இந்தியாவில் எழுத 150 டாலர் கூடுதல், கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாய். அதை அவசரத்தில் கட்டாதீர்கள். ரிப்போர்ட்டில் இரண்டு மூன்று பகுதிதான் கீழே என்றால் எட்டு, பத்து வாரம் போதும். அதற்கு மேல் இழுத்தால் படித்தது ஆறிவிடும்.

மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துக்கொண்டு படிக்க முடியாது, சமையல்கட்டிலிருந்து இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். அமெரிக்கா தள்ளிப்போகிறதே என்று அவர் கவலைப்பட்டால் இதையும் சொல்லுங்கள்: நர்ஸ்கள் போகும் இ.பி.-3 கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்கு 2025-இல் 2013-இல் பதிந்தவர்களின் முறைதான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் குடி முழுகிவிடாது.

கேள்வி: ரிசல்ட் வருமுன்னே மறுபடி ரிஜிஸ்டர் செய்து பார்த்தால் பாஸா ஃபெயிலா தெரிந்துவிடுமாமே? கார்டு எண் போட்டுப் பார்க்கலாமா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். பணம் எடுத்துக்கொண்டால் ஃபெயில், எடுக்காமல் திரையில் ஓர் அறிவிப்புப் பெட்டி வந்தால் பாஸ் என்பது நம்பிக்கை. அதிகாரபூர்வ ரிசல்ட் போர்டிலிருந்து வருவது மட்டும்தான், கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்குச் செய்யாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

கேள்வி: முதல் தடவை சென்டர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, ரிஜிஸ்டர் செய்தபோது இனிஷியல் போட்டேன். எழுதாமலே கட்டணம் போச்சு. மறுபடியும் அதே ஆகுமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மாற்றாவிட்டால் ஆகும். நம் இனிஷியல் உலகத்துக்குப் புரியாது. பாஸ்போர்ட்டைத் திறந்து கிவன் நேம், சர்நேம் இரண்டிலும் என்ன இருக்கிறதோ, எழுத்துக்கூட்டல் உட்பட, அதையே போர்டிலும், தேர்வு மையங்களை நடத்தும் பியர்சன் வியூவிலும் போடுங்கள். தேர்வு அனுமதிக் கடிதம் மெயிலில் வந்ததும் முதல் வேலையாகப் பெயரைச் சரிபாருங்கள், வித்தியாசம் இருந்தால் தேர்வு நாளைக்கு முன்பே திருத்தச் சொல்ல வேண்டும், வாசலில் நின்று கெஞ்சி நடக்காது. பான் கார்டு, ஆதார் எல்லாம் பையிலேயே இருக்கட்டும், பாஸ்போர்ட்தான் வேண்டும்.

கேள்வி: ஒரு ஏஜென்ட் போன மாதம் வந்த கேள்விகள் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார், பாஸ் கேரண்டியாம். வாங்கலாமா? (ஒரு வாசகி, வேலூர்)

பதில்: வேண்டாம். ஆளுக்கு ஆள் கேள்வி மாறும் தேர்வு இது, பக்கத்து சீட்டுக்காரருக்கு வந்ததுகூட உங்களுக்கு வராது. போதாததற்கு, கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் உட்காருகிறார்கள், மாட்டினால் ரிசல்ட்டே போய்விடும். அந்தக் காசுக்கு நல்ல கேள்வி வங்கி ஒன்றுக்கு மூன்று மாதச் சந்தா கட்டுங்கள்.

கேள்வி: இரண்டாவது முறை பாஸ் ஆகிவிட்டேன்! விசா வரிசை நீளம் என்கிறார்கள். இந்த மார்க்கை வைத்து வேறு எங்காவது போக முடியுமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: வாழ்த்துகள். மார்க் என்று எதுவும் கிடையாது, பாஸ் மட்டும்தான். கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2015 முதல் இதே தேர்வுதான். ஆஸ்திரேலியாவில் 2020 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு நர்ஸ்களில் ஒரு பிரிவினருக்கு முதல் கட்டமாக இதை வைத்தார்கள், அதற்குப் பிறகு ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. இரண்டு நாட்டிலும் சான்றிதழ் சரிபார்ப்பும் ஆங்கிலத் தேர்வும் தனியாக உண்டு. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்குக் காலாவதி உண்டு, ஆகவே நாட்டை முடிவு செய்துவிட்டு அதற்கு உட்காருங்கள்.