கேமரூன் பயணத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்? கேள்வி பதில்

கேமரூனின் துவாலா நகரில் ஏழாண்டுகள் பணியில் இருந்தவன் என்ற முறையில், கேமரூனுக்குச் செல்ல எண்ணும் உறுப்பினர்கள் செலவு குறித்துக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விலைகள் தோராயமானவை, புறப்படுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, டாலர் கொண்டுபோவதா, யூரோ கொண்டுபோவதா? ரூபாயை அங்கே மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: யூரோவே கொண்டுசெல்லுங்கள், ரூபாயை அங்கே மாற்ற வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேமரூனில் புழங்கும் மத்திய ஆப்பிரிக்க சிஎஃப்ஏ பிராங்க்தான் காபோன், சாட், காங்கோ குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி ஆகிய நாடுகளுக்கும் பணம். அதை வெளியிடும் வங்கியின் தலைமையகம் கேமரூனின் தலைநகரான யாவுண்டேயில் இருக்கிறது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று அதன் மதிப்பு நிலையாகக் கட்டப்பட்டுள்ளது. இந்த எண் வந்த வழி இதுதான்: 1994 ஜனவரியில் சிஎஃப்ஏயின் மதிப்பைப் பாதியாகக் குறைத்தபோது ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 100 சிஎஃப்ஏ என்று வைத்தார்கள், பின்னர் 1999இல் யூரோ வந்தபோது, ஒரு யூரோ என்பது 6.55957 பிரெஞ்சு பிராங்க் என முடிவானதால், அதன் நூறு மடங்கு அப்படியே நிலைத்துவிட்டது. பயணிக்கு இதனால் உள்ள நன்மை பெரிது. யூரோவில் போட்ட கணக்கு ஆறு மாதம் கழித்தும் நாணய மாற்றத்தால் கலையாது. டாலரில் போட்ட கணக்குக்கு அந்த உறுதி கிடையாது. மனக்கணக்குக்கு 10,000 பிராங்க் என்பது 15 யூரோ என்று கொண்டால் போதும்.

பெரிய நகரங்களின் ஏடிஎம்களில் விசா அட்டை பெரும்பாலும் வேலை செய்யும். ஆயினும் இயந்திரம் ஓடாத நாட்களும், பணம் தீர்ந்துபோன நாட்களும் உண்டு. ஆகவே ஐந்து நாள் செலவுக்கான யூரோவை, கைப்பையில் பாதியும் பெட்டியில் பாதியுமாக எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள்.

கேள்வி: ஏழை நாடு என்பதால் கென்யா, தான்சானியாவைவிடச் செலவு குறைவாகத்தானே இருக்கும்?

பதில்: இந்த எண்ணத்தோடு வந்து பாதி வழியில் பணம் தீர்ந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். உள்ளூர் மக்கள் உண்ணும் உணவும், அவர்கள் ஏறும் வண்டியும் மலிவுதான். சிறு உணவகத்தில் 1,500 முதல் 2,500 பிராங்குக்குள் வயிறு நிறைந்துவிடும். எளிய விடுதியில் 10,000 முதல் 15,000 பிராங்குக்கு அறை கிடைக்கும். குளிரூட்டியும் தடையில்லாத தண்ணீரும் வேண்டுமென்றால் 25,000 முதல் 35,000 வரை ஒதுக்குங்கள். செலவு ஏறுவது அதற்குப் பிறகுதான். கென்யாவில் பயணிகள் ஏராளம் என்பதால் ஒரு வண்டியின் வாடகையை ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ள முடிகிறது. கேமரூனில் சுற்றுலாவுக்காக வருபவர்கள் மிகக் குறைவு; பங்கிட்டுக்கொள்ள ஆள் கிடைக்காததால், ஓட்டுநருடன் கூடிய வண்டியின் முழு வாடகையும் உங்கள் தலையில்தான் விழும். நாளொன்றுக்கு 40,000 முதல் 60,000 பிராங்க் வரை கேட்பார்கள், எரிபொருள் தனி. எரிபொருளையும் சேர்த்தால், ஒரு வாரத்துச் சாப்பாட்டுச் செலவு ஒரே நாள் வண்டியில் போய்விடும். எனவே திட்டமிடும்போது எத்தனை நாள் தங்குகிறோம் என்பதைவிட, எத்தனை நாள் தனி வண்டி வேண்டும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

என் கருத்தில், முதல்முறை செல்பவர் யாவுண்டே, பாமூன் இனத்தாருடைய சுல்தானின் அரண்மனை உள்ள ஃபும்பான், கடலோரத்து கிரிபி ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மூன்றுக்கும் பேருந்திலேயே போய்வரலாம். கிரிபிக்கு அருகே லோபே ஆறு அருவியாக நேரே கடலில் விழுகிறது. அதைக் காணத் தனி வண்டி தேவையில்லை, ஊரிலிருந்து மோட்டார் சைக்கிள் டாக்சியே போதும்.

கேள்வி: நகரத்துக்குள் டாக்சியில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

பதில்: மஞ்சள் டாக்சிகள் ஒரே திசையில் செல்லும் பலரை ஏற்றிக்கொண்டு போகும். சாலையோரம் நின்று, வண்டி வேகம் குறையும்போது, போகவேண்டிய இடத்தையும் தரப்போகும் தொகையையும் உரக்கச் சொல்லவேண்டும்; சம்மதமானால் ஓட்டுநர் ஹாரன் அடித்து நிறுத்துவார், இல்லையேல் நிற்காமல் போய்விடுவார். இப்படிப் பகிர்ந்து செல்ல சில நூறு பிராங்க் போதும். ‘தெப்போ’ என்று சொன்னால் வண்டி முழுவதும் உங்களுக்கே. கட்டணமும் பல மடங்கு. புதியவர்கள் தெரியாமல் அச்சொல்லைச் சொல்லிவிட்டு, பிறகு விலையில் ஏமாற்றிவிட்டதாக வருந்துகிறார்கள். 10,000 பிராங்க் தாளை நீட்டினால் மீதிச் சில்லறை கிடைக்காது. பெரிய கடைகளில் பொருள் வாங்கும்போதே 500, 1,000 பிராங்க் தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துவாலாவுக்கும் யாவுண்டேவுக்கும் இடையே இரவுப் பேருந்தில் போகவேண்டாம். விடுதி வாடகை மிச்சமாகும் என்று பலரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தச் சாலையில் நேரும் விபத்துகளை அறிந்தவன் என்பதால், அந்த மிச்சத்தை விட்டுவிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: நான் சைவ உணவு உண்பவள். உணவுக்குக் கூடுதலாக ஒதுக்கவேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை அம்மா, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிடவேண்டும். கீரைக் கறியாகத் தோன்றும் ந்தோலேயில் பெரும்பாலும் இறாலோ மாட்டிறைச்சியோ கலந்திருக்கும். தட்டைப்பயறை அரைத்து, செம்பனை எண்ணெய் சேர்த்து, வாழையிலையில் கட்டி அவிக்கும் கோக்கி உங்களுக்குப் பிடிக்கும். காலையில் தெருவோரம் விற்கும் பீன்ஸும் மாவுப் பணியாரமும், பொரித்த வாழைக்காயும் நிறைவாகவும் மலிவாகவும் இருக்கும்.

கேள்வி: புறப்படுமுன் இங்கேயே ஆகும் செலவுகள் எவை?

பதில்: விமானச் சீட்டு, விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா தடுப்பு மாத்திரை, காப்பீடு ஆகியவை. மஞ்சள் காய்ச்சல் சான்று இல்லாமல் கேமரூனுக்குள் விடமாட்டார்கள். அது செல்லுபடியாக ஊசி போட்டு 10 நாட்கள் ஆகவேண்டும். அங்கிருந்து இந்தியா திரும்பும்போதும் அதே சான்றைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்பதால், வேறு பயணத்துக்காகப் பெற்ற பழைய சான்று வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

காப்பீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். அரசுகள் செல்லவேண்டாம் என எச்சரிக்கும் பகுதிகளுக்குப் பல காப்பீடுகள் பொருந்தா. ஆயுத மோதல் தொடரும் ஆங்கிலம் பேசும் இரு மாகாணங்களும், போக்கோ ஹராம் தாக்குதல்களுக்கு உள்ளான தூர வடக்கும் அத்தகையவை. கேமரூன் மலையும் அந்த ஆங்கிலப் பகுதியில்தான் இருக்கிறது என்பதைப் பலர் முன்பணம் கட்டிய பிறகே அறிகிறார்கள்.

கேள்வி: மீந்துபோன பிராங்கை என்ன செய்வது?

பதில்: விமான நிலையத்துக்குப் போவதற்கு முந்தைய நாளே நகரத்தில் யூரோவாக மாற்றிவிடுங்கள். செனகல், ஐவரி கோஸ்ட் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் சிஎஃப்ஏ பிராங்க் என்ற பெயரில், இதே மதிப்பில் பணம் உண்டு. ஆனால் அது வேறு தாள், உங்கள் கேமரூன் தாளை அங்கே கடைக்காரர் வாங்கமாட்டார்.