திரையை இழுத்து மூடும் அம்மா

அன்பின் அண்ணாவுக்கு,

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். இங்கே பங்குனி முடியும்போது சனம் படும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பத்துப் பாகை வெயில் வந்தாலே அரைக்காற்சட்டையோடு வீதிக்கு இறங்கிவிடுவார்கள். அம்மா மட்டும் யன்னல் திரையை இழுத்து மூடிவிடுவார். “வெயில் தொடங்கிட்டுது” என்பார், ஏதோ வருத்தம் தொடங்கியதுபோல. அவர் இலங்கையின் வன்னியில், முள்ளியவளையில் பிறந்து வளர்ந்தவர். இத்தனை மாதம் பனிக்குள் கிடந்துமா இளவேனிலை ரசிக்கத் தெரியவில்லை என்று எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் ஆட்களுக்கு வசந்தத்தோடு அப்படி என்ன பகை?

ஒரு வாசகி, ரொறன்ரோ

அன்பான தங்கைக்கு,

பகை ஒன்றுமில்லை. கடிதத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் சித்திரை மத்தியானத்தில் முதல் வேலை யன்னலைச் சாத்துவதுதான்.

சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய நாள்களில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. பகல் பன்னிரண்டு மணி கழிந்து முற்றத்தில் நின்றால் உங்கள் நிழல் காலடிக்குள் ஒளிந்துவிடும். அதே நாளில் ரொறன்ரோவில் வெயில் சாய்ந்துதான் விழும். உங்கள் ஊரில் அது பல மாதம் கழித்து வந்த விருந்தாளி. இங்கே அது போனதே இல்லை.

நாங்கள் காத்திருப்பது மழைக்கு. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் நடுவே கொட்டித் தீர்ந்துவிடும். அதை நம்பித்தான் காலபோகம் என்ற பெரிய நெல் விதைப்பு. தை, மாசியில் அறுவடை முடியும். குளத்தில் தண்ணீர் நிற்கும், விடியப்புறம் போர்வை தேவைப்படும். ரொறன்ரோக்காரர் ஏப்ரலில் படும் சந்தோஷத்தை நாங்கள் தையிலேயே பட்டு முடித்துவிடுகிறோம்.

அப்புறம் பங்குனி, சித்திரையில் தேநீர்க் கடையிலும் கேள்வி ஒன்றுதான்: “குளத்தில எத்தினை அடி?” இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. மழைக்குப் பிறகு அதில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு, அதாவது வெயில் காலத்து நெல்லுக்கு, எத்தனை ஏக்கர் என்பதைக் கூட்டம் வைத்து முடிவெடுப்பார்கள். தண்ணீர் காணாத வருஷம் என்றால் அந்தக் கூட்டத்தில் குரல் உயரும். யாருக்கு வாய்க்கால் திறக்கும், யாருடைய வயல் சும்மா கிடக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருப்பவனிடம் போய்க் கொன்றை பூத்திருக்கிறது, பார்த்தாயா என்று கேட்டால் என்ன சொல்வான்? நான் கேட்டிருக்கிறேன். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆனால் வன்னி முழுக்க ஒரே மனம் என்று எழுதினால் முல்லைத்தீவுக் கரைக்காரர் சண்டைக்கு வருவார்கள். வாடைக்காற்றில் குமுறிக்கொண்டிருந்த கடல் அடங்குவது இந்த மாதங்களில்தான். கரையில் மீன்வாடிகள் எழும்பும், மீன்பிடித் தொழில் சூடுபிடிக்கும். வைகாசி பிந்திப் பாலைப்பழம் பழுக்கத் தொடங்கினால் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. பால் பட்டு உதடு ஒட்டினாலும் விடமாட்டார்கள். கரடிக்கும் அந்தப் பழம் உயிர் என்பதால் காட்டுக்குள் தனியே போக விடுவதில்லை. உங்கள் அம்மாவின் ஊரையே எடுங்கள். காட்டு விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரித்து, வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலிட வன்னி முழுதும் திரள்வது வைகாசியில். அன்றைக்கு வெயிலை யாரும் திட்டுவதில்லை.

பழந்தமிழரும் உங்கள் அம்மாவின் பக்கம்தான். இளவேனில் என்று சித்திரைக்கும் வைகாசிக்கும் அழகாகப் பெயர் வைத்தார்கள், சரி. ஆனால் தொல்காப்பியம் வேனிலைப் பாலைத்திணைக்குக் கொடுக்கிறது. பாலை என்றால் பிரிவு. காத்திருத்தலின் திணையான முல்லைக்குக் கார்காலம். போனவன் மழையோடு திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அது. (அந்தப் பாலை வேறு, நாங்கள் பழம் தின்னும் பாலை வேறு. நானே கனகாலம் குழம்பியிருக்கிறேன்.)

இன்னொன்று. 2009இன் சித்திரையும் வைகாசியும், போரின் கடைசி நாள்கள். கடலுக்கும் நந்திக்கடல் என்ற களப்புக்கும் நடுவே, மணலில், தறப்பாளுக்குக் கீழே அந்த வெயிலை இருந்து பார்த்தவர்களுக்கு இந்த மாதங்களின் வெளிச்சமே வேறு. உங்கள் அம்மா எப்போது ஊரைவிட்டு வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே அதை அவருடைய திரைச்சீலையில் நான் ஏற்றமாட்டேன். வெக்கை பிடிக்காமல் மூடுகிறவர்களும் உண்டுதானே. ஆனால் ‘வசந்தம்’ என்ற சொல்லோடு எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே ஆண்டில் அரசு தொடங்கிய அபிவிருத்தித் திட்டத்தின் பெயர் ‘வடக்கின் வசந்தம்’. அதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குப் பூ நினைவுக்கு வருவதில்லை, வீதியோரப் பெயர்ப்பலகைதான் வருகிறது. நீங்கள் இளவேனில் என்றே எழுதுங்கள்.

அம்மாவோடு கோபிக்க வேண்டாம். ரொறன்ரோவில் சித்திரையில் மழையும் பெய்யும் அல்லவா? அப்படி ஒரு நாளில் அவர் அந்தத் திரையை என்ன செய்கிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா