எட்சிங் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னால்

சார், உங்கள் மடலைப் படித்தேன். கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வாங்கிய பெண், ஓவியக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங்தான், அதாவது தகட்டிலும் பலகையிலும் படம் உருவாக்கி அச்செடுக்கும் கலைதான் எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், படம் வரைந்து எப்படிப் பிழைப்பாள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் அவள் காட்டிய, டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படங்களைப் பேனாவால் வரைந்தவை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அது எட்சிங், அதாவது அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் செப்புத் தகட்டு வேலை. தகட்டை மெருகேற்றி, மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த பூச்சை மெல்லியதாகப் பூசி, ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறி வரைவார்கள். பிறகு தகடு அமிலத்துக்குள் போகும். கீறின இடத்தில் மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். மெல்லிய கோடுகள் போதும் என்று தோன்றியதும் வெளியே எடுத்து அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடியும் அமிலத்தில் விடுவார்கள், மிச்சக் கோடுகள் இன்னும் ஆழமாகும், அச்சில் கறுப்பாக விழும். அப்புறம் மை தடவி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து, உருளை அச்சில் அழுத்தி இழுத்தால் படம் இடவலம் மாறி வரும். இதில் வரைவது எவ்வளவோ, அவ்வளவு கெமிஸ்ட்ரியும் இருக்கிறது.

இது பிறந்த இடமே பட்டறைதான். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் ஊரில் போர்க்கவசங்களில் அமிலத்தால் அலங்காரம் செய்துவந்த டேனியல் ஹோப்ஃபர், 1500 வாக்கில் அதே வித்தையை இரும்புத் தகட்டில் செய்து காகிதத்தில் அச்செடுத்தார். ஜெர்மன் ஓவியர் ட்யூரரும் பொற்கொல்லரின் மகன்தான். அச்சோவியர் ஷாக் காலோ சின்ன வயதில், இன்றைய பிரான்சில் இருக்கும் நான்சி நகரத்துப் பொற்கொல்லர் ஒருவரிடம் தொழில் பழகியவர். மெழுகுப் பூச்சு பிய்ந்து, வேண்டாத இடத்திலெல்லாம் அமிலம் இறங்கி வேலை கெட்டுப்போவது அன்றைய பெரிய தலைவலி. வீணை போன்ற லூட் என்ற வாத்தியம் செய்கிறவர்களின் வார்னிஷைப் பூச்சாகப் பயன்படுத்தி காலோ அதைச் சமாளித்தார். போரின் கொடுமைகளைப் பற்றி 1633-இல் வெளியான அவருடைய 18 படங்களைப் பாருங்கள், உள்ளங்கை அகலத்தில் ஊரே எரியும்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ட்யூரரைப் பற்றி. உளியால் செம்பில் செதுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் 1515-லிருந்து 1518 வரை இரும்பில் ஆறே ஆறு எட்சிங் செய்து பார்த்தார், அத்தோடு விட்டுவிட்டார். கை தேர்ந்தவருக்கே எல்லா முறையும் ஒத்துவருவதில்லை. அதனால் நான்கு வருடப் படிப்புக்கு இன்றைக்கே சரி என்றோ முடியாது என்றோ சொல்லாதீர்கள். முதலில் இரண்டு மூன்று தகடாவது அவள் செய்து பார்க்கட்டும்.

பண விஷயத்தில் ஒளிக்க எதுவும் இல்லை. ரெம்பிராண்ட் ஏறக்குறைய 300 எட்சிங் செய்தவர், 1656-இல் திவாலானார். இன்றும் இந்தப் படிப்புக்கு ஐ.டி. கம்பெனிகள் மாதிரி கேம்பஸுக்கு வந்து ஆள் எடுக்க மாட்டார்கள். ஓவிய ஆசிரியர் வேலை, ஸ்டுடியோ வேலை, டிசைன், பிறகு பரோடா அல்லது சாந்திநிகேதனில் முதுகலை முடித்துக் கல்லூரி வேலை, இவைதான் வழக்கமான வழிகள். எல்லாமே மெதுவாக நகரும். உங்கள் மகளுக்கு இன்னொரு வழியும் பொருந்தும்: பழைய காகிதங்களையும் அச்சோவியங்களையும் பாதுகாக்கும் மியூசியம் வேலை. லக்னோவில் இதற்கென்றே மத்திய அரசின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அமிலமும் காகிதமும் மையும் தெரிந்தவர்களுக்கு அங்கே மதிப்பு உண்டு. எனவே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியையும் ஓவியத்தையும் எதிரெதிராக நிறுத்தி வீட்டில் சண்டை போட வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீட்டு பாத்ரூமில் நைட்ரிக் அமிலத்தை வைத்துச் சோதனை செய்ய விடாதீர்கள். செம்பில் பட்டால் கிளம்பும் பழுப்பு நிறப் புகை நுரையீரலுக்குக் கேடு. இப்போது பல ஸ்டுடியோக்களில் ஃபெரிக் குளோரைடுதான், சர்க்யூட் போர்டு செய்யும் பிள்ளைகள் வாங்குவார்களே, அதேதான். அதற்கும் கையுறை வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும். சென்னையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் அச்சுக் கூடம் இருக்கிறது, எழும்பூர்ப் பக்கம் அரசு கவின்கலைக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் அவளோடு நீங்களும் ஒருநாள் போய், பயிற்சி முகாம் ஏதாவது நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

முதல் தகடு அநேகமாகக் கெட்டுத்தான் போகும். பூச்சு பிய்ந்திருக்கும், கோடுகள் கரைந்து ஒன்றாகியிருக்கும். ரெம்பிராண்ட் 1653-இல் செய்த 'மூன்று சிலுவைகள்' தகட்டையே பிற்பாடு சுரண்டி, கீறி, வேறு படம் போல மாற்றினார். உங்கள் மகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து தகட்டை மூலையில் போடுகிறாளா, இல்லை மறுபடி தேய்க்க உப்புக்காகிதம் கேட்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.