எடை குறையுது, பசி மட்டும் அடங்கலையே!

கேள்வி: "எனக்கு 36 வயசு, உயரம் 163 செ.மீ. தண்டையார்பேட்டையில வீடு. பாரிமுனையில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதறேன். ரெண்டு மாசத்துல 78 கிலோவுல இருந்து 73-க்கு வந்திருக்கேன். தினம் காலையில ஒரு மணி நேரம் நடை, வாரம் மூணு நாள் ஜிம். காலையில மூணு ஸ்பூன் ஓட்ஸ் போட்ட கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சோறு, காய், ரசம், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. வயிறு எந்நேரமும் கபகபன்னு இருக்கு மேடம். சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல கணக்குல கவனமே போகல. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து, பிள்ளைங்களுக்கு வாங்கி வெச்ச மிக்சரையும் பிஸ்கட்டையும் தின்னுட்டு அழுதுகிட்டே படுக்கறேன். எனக்கு மன உறுதி இல்லையா? பசியை அடக்க மாத்திரை, பவுடர் ஏதாவது இருக்கா?"

பதில்: மன உறுதி இல்லாதவரால் இரண்டு மாதம் விடாமல் நடந்து 5 கிலோ குறைத்திருக்க முடியாது. அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். கோளாறு உங்கள் சாப்பாட்டுக் கணக்கில் இருக்கிறது. நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

உங்கள் வயது, உயரம், எடை, நடை, ஜிம் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் உங்கள் உடல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,100 கலோரி செலவழிக்கும். காலை முதல் இரவுச் சப்பாத்தி வரை நீங்கள் எழுதியிருப்பதைக் கூட்டினால், எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் 900, 950-ஐத் தாண்டாது. அதோடு நின்றிருந்தால் இரண்டு மாதத்தில் 8, 9 கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது 5 கிலோ. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 600 சொச்சம் கலோரிதான் உண்மையில் குறைவாகப் போயிருக்கிறது. அதாவது உங்கள் உண்மையான சாப்பாடு ஏற்கெனவே 1,400, 1,500 கலோரி. மிச்ச 500 எங்கிருந்து வந்தது? இரண்டு கைப்பிடி மிக்சரும் நாலைந்து பிஸ்கட்டும் அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும்.

இதைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இதில்தான் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு உள்ளே போகும் அந்த 500 கலோரியைப் பகலிலேயே, முட்டையாக, மீனாக, சுண்டலாகச் சாப்பிட்டுவிடுங்கள். எடை இதே வேகத்தில்தான் குறையும். பசியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் என்ற உங்கள் வேகம் நல்ல வேகம். அதைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

எடை குறையும்போது பசி கூடுவது எல்லா உடம்புக்கும் பொது. கொழுப்புச் செல்கள் சுருங்கும்போது, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இரைப்பையிலிருந்து சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் கூடுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்தும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனை ஒன்று உண்டு. திடகாத்திரமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறத்தாழ 1,570 கலோரி மட்டும் கொடுத்து, நிறைய நடக்கவும் வைத்தார்கள். அவர்களுக்குப் பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே ஆனது. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர்களும் உண்டு. கணக்கு நோட்டில் உங்கள் கவனம் நிற்காமல் போவது இதே காரணத்தால்தான்.

ஆகவே பசியை அடக்கப் பார்க்காதீர்கள். பசிக்கு முன்னால் போய்ச் சாப்பிடுங்கள்.

உங்கள் பட்டியலில் பெரிய ஓட்டை புரதம். நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராம்கூடத் தேறாது. எடை குறைக்கும்போது, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். உங்களுக்கு 75 கிராம். வயிற்றில் நெடுநேரம் தங்கிப் பசியைத் தள்ளிப்போடுவதில் புரதத்துக்கு நிகரில்லை. ஜிம்மில் நீங்கள் தூக்கும் எடைக்குத் தசை கரையாமல் இருக்கவும் அதுதான் வேண்டும்.

இதற்குப் பவுடர் டப்பா தேடிப் போக வேண்டாம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. வஞ்சிரம்தான் சத்து என்று ஒரு நினைப்பு நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. மத்தி, காணாங்கத்தை, நெத்திலி எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. விலையோ வஞ்சிரத்தின் பக்கத்தில்கூட வராது. மத்தியிலும் காணாங்கத்தையிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பும் சேர்ந்தே கிடைக்கிறது. நம் பக்கம் தேங்காய் அரைக்காமல் புளி கரைத்து வைக்கும் மீன் குழம்பு, எடை குறைப்பவர்களுக்கென்றே செய்தது போன்ற சாப்பாடு. எண்ணெயை மட்டும் இரண்டு ஸ்பூனோடு நிறுத்துங்கள். வறுவல் வேண்டுமென்றால் தோசைக்கல்லில் போட்டுத் திருப்புங்கள். மதியம் மீன் 150 கிராம், கூடவே கீரையோ காயோ தட்டில் பாதி. சோறு ஒரு கரண்டி போதாது, இரண்டு கரண்டி தாராளமாகப் போடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும். செவ்வாய், வெள்ளி, புரட்டாசி என்று மீன் எடுக்காத நாள்களும் இருக்கும். அப்போது முட்டை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மீல்மேக்கர். 50 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து கிரேவியில் போட்டால் 25 கிராம் புரதம். கருவாட்டிலும் புரதம் நிறைய உண்டு, ஆனால் உப்பும் அதே அளவுக்கு நிறைய. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை நம்பி இருக்கக் கூடாது.

காலையில் ஓட்ஸ் கஞ்சியை நிறுத்திவிடுங்கள். நீர்த்த கஞ்சி எந்தத் தானியத்தில் செய்தாலும் சீக்கிரம் இறங்கிவிடும். மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக விட்ட சாம்பார், இரண்டு வேகவைத்த முட்டை. அல்லது பச்சைப்பயறு தோசை, அல்லது அடை. கேழ்வரகுக் கூழ் பிடிக்குமென்றால் கெட்டியாகக் கரைத்து, மோர் விட்டு, வெங்காயம் கடித்துக்கொண்டு, கூடவே அந்த முட்டைகளையும் சாப்பிடுங்கள். நடந்து முடித்த ஒரு மணி நேரத்துக்குள் இது உள்ளே போய்விட வேண்டும். காலை பதினொன்றரைக்கு வரும் கபகபப்பு இதிலேயே பாதி அடங்கும்.

இப்போது அந்த அஞ்சு மணி. உங்கள் நாளில் முக்கியமான நேரம் அதுதான், அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றுமே சாப்பிடுவதில்லை. ஒரு டப்பாவில் ஒரு கப் சுண்டல் கொண்டு போங்கள். இல்லையென்றால் இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலையும் ஒரு கொய்யாவும். பசி வரட்டும் என்று காத்திருக்காமல் நாலரைக்கே சாப்பிட்டுவிடுங்கள். கடையில் வரும் டீ இரண்டோடு போதும், அதிலும் சர்க்கரை அரை ஸ்பூன்.

கடை முடிந்து வரும் வழியில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாசனை இழுக்கும். போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அங்கே நிற்கும் நாளில் முட்டை மசாலா இரண்டு, வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் முதலில் வாங்குங்கள். பிறகு அத்தோ அரைத் தட்டு, எண்ணெயில் பொரித்த பேஜோ வேண்டாம். இதையே இரவுச் சாப்பாடாக வைத்துக்கொண்டு வீட்டில் சப்பாத்தியை விட்டுவிடுங்கள். மற்ற நாள்களில் சப்பாத்தியோடு கெட்டிப் பருப்போ முட்டைப் பொரியலோ கட்டாயம். எட்டரைக்குள் சாப்பிட்டால் நல்லது.

உடற்பயிற்சியைப் பற்றி ஒன்று. ஒரு மணி நேர நடையில் உங்கள் எடைக்கு 250 கலோரிக்கு மேல் பெரிதாகச் செலவாகாது. பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவில் நடந்துவிட்டு வாசலில் போண்டாவும் டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். நடையின் லாபம் சர்க்கரைக்கு, இதயத்துக்கு, தூக்கத்துக்கு என்று வேறு இடங்களில் இருக்கிறது. பசி தாங்காத இந்தச் சமயத்தில் நடையைக் கூட்டாதீர்கள். ஜிம்மில் எடை தூக்கும் மூன்று நாளை விட்டுவிடாதீர்கள்.

தூக்கத்தைச் சொன்னேனே, அதையும் பாருங்கள். 2004-இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். அவர்களுக்குக் கிரெலின் 28 சதவீதம் கூடி, லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது. பதினோரு மணிக்கு எழுந்து அழுதுவிட்டுப் படுத்து, விடியற்காலையில் நடக்கக் கிளம்பினால் அடுத்த நாள் பசிக்காமல் என்ன செய்யும்?

மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பசி கூடுவது பல பெண்களுக்கு இயல்பு. அந்த வாரம் மட்டும் ஒரு நாளைக்கு 150, 200 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள், ஒரு கப் தயிரும் ஒரு வாழைப்பழமும் போல. அப்போது தராசில் ஏறி நிற்க வேண்டாம், நீர் கோத்து எடை கூடித்தான் காட்டும்.

கேட்ட மாத்திரைக்கு வருகிறேன். கடையில் 'பசி குறையும்' என்று விற்கும் எந்தப் பவுடரையும் வாங்காதீர்கள். மருத்துவர் எழுதித் தரும் எடை குறைப்பு மருந்துகள் உண்டு, ஆனால் உங்களுக்கு இப்போது தேவை சாப்பாடு.

ஒரு சோதனை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். பசியோடு தாகமும், அடிக்கடி சிறுநீர் போவதும் இருந்தால், எடை குறைவதற்குச் சர்க்கரை நோயும் காரணமாக இருக்கலாம். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கலாம். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை இருந்தால் தைராய்டும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் என்றால், சாப்பாட்டைக் குறைத்த பிறகு அளவை மாற்றாமல் இருப்பது ஆபத்து, மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். ராத்திரி சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது வாரத்தில் பல நாள் நடந்தாலோ, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தயங்காமல் காட்டுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

முதல் வாரம் தராசு அசையாமல் நிற்கலாம், அரைக் கிலோ ஏறவும் ஏறலாம். சோறு கூடியதால் உடம்பில் தங்கும் நீர் அது. அதைப் பார்த்துப் பயந்து காலை முட்டையை நிறுத்திவிடாதீர்கள். மூன்று வாரம் கழித்து எடை, இடுப்பளவு, ராத்திரி எத்தனை நாள் எழுந்தீர்கள் என்று மூன்றையும் எழுதி அனுப்புங்கள், அதை வைத்து அளவை மாற்றலாம்.