கூட்டம் முடிந்த மறுநாள்

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் ஊரில் காலநிலை மாற்றம் பற்றி ஒரு கூட்டம். தொழில் சங்கத்தின் சார்பில் நானும் போயிருந்தேன். அதிகாரிகள், பின்னலாடை முதலாளிகள், பேராசிரியர்கள், தொண்டு நிறுவனத்தார் என்று மேடை கொள்ளாத கூட்டம். ஆளாளுக்கு ஒரே வரியைத்தான் பேசினார்கள்: "அனைத்துத் துறைகளும் இணைந்து செயல்பட வேண்டும்." பொன்னாடை, மரக்கன்று, குரூப் போட்டோ, சாப்பாடு. கடைசியில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள், அதில் இப்போது காலை வணக்கம் மட்டும் வருகிறது. நீங்களும் அதே வரியை அவ்வப்போது எழுதுகிறவர்தானே, அதனால் கேட்கிறேன். இப்படிச் சேர்ந்து, அதுவும் வேகமாக, உருப்படியாக ஏதாவது எங்காவது நடந்திருக்கிறதா?

செ., திருப்பூர்

அன்புள்ள செ.,

நடந்திருக்கிறது. அகமதாபாத்தில் நடந்தது எனக்கு ஓரளவு தெரியும், அதையே சொல்கிறேன்.

2010 மே மாதம் அங்கே வெயில் 46.8 டிகிரிக்குப் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு வெயில் ஒன்றும் புதிதில்லை, அதனால் அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு இறப்புப் பதிவுகளை எடுத்து முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டபோதுதான், அந்த ஒரே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வெயிலால் என்று ஆஸ்பத்திரியில் பதிவானது அதில் சொற்பம்தான்.

இதற்குப் பிறகு மாநகராட்சி, காந்திநகரில் உள்ள பொதுச் சுகாதார நிறுவனம், அமெரிக்காவிலிருந்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, சில பல்கலைக்கழகங்கள் எல்லாரும் சேர்ந்து 2013ல் ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டார்கள். தெற்காசியாவில் அதுதான் முதல். அதில் எனக்குப் பிடித்த விஷயம், மாநகராட்சியில் ஒரு அதிகாரியின் தலையில் அதைக் கட்டியது. முன்னறிவிப்பு அவருக்கு வரும். 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45 என்றால் சிவப்பு. நிறம் மாறினால் அவர் யார் யாருக்குச் சொல்ல வேண்டும், சொன்னதும் அவரவர் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் வெயில் வருவதற்கு முன்பே எழுதி வைத்தாகிவிட்டது. ஆம்புலன்ஸில் ஐஸ் இருக்க வேண்டும், பூங்காவை மதியத்தில் பூட்டக் கூடாது, தண்ணீர் எங்கெங்கே வைப்பது, செல்போனுக்குச் செய்தி அனுப்புவது யார், இப்படி. ஒன்றுகூட மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குகிற விஷயம் இல்லை.

அதே ஊரில் சாரதாபென் ஆஸ்பத்திரி என்று ஒன்று. பிரசவ வார்டு மேல் மாடியில் இருந்தது, ஏசி கிடையாது. மொட்டை மாடிச் சூடு நேரே உள்ளே இறங்கும். பிறந்து சில நாளே ஆன குழந்தைகளை உடம்புச் சூடு ஏறித் தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால், வெளியே 42 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அப்படிச் சேர்க்கப்படும் குழந்தைகள் 43 சதவீதம் கூடுகிறார்கள். 2010க்குப் பிறகு வார்டைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள், சேர்க்கை நன்றாகவே குறைந்தது. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெயிலின் அளவு வானிலைக்காரர்களிடம் இருக்கிறது, குழந்தைகளின் கணக்கு டாக்டரிடம் இருக்கிறது, எந்த வார்டு எந்த மாடியில் என்று முடிவு செய்வது நிர்வாகம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லையென்றால், கட்டிலைக் கீழே இறக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றாது.

அகமதாபாத்தின் அந்த வெப்பச் செயல்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று 2018ல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடுதான், ஆனால் பாதியாகவே இருந்தாலும் சாதாரணம் இல்லை.

இது வெயிலைச் சமாளிப்பது, கார்பனைக் குறைப்பது இல்லையே என்பீர்கள். சரி, எல்.இ.டி. பல்பு. 2014ல் மத்திய அரசின் ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்க டெண்டர் விட்டபோது பல்பு விலை 310 ரூபாய். 2016ல் அந்த நிறுவனம் வாங்கிய விலை 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. கோடிக்கணக்கில் வாங்குகிறேன் என்று அரசு சொன்னது, அந்த நம்பிக்கையில் கம்பெனிகள் உற்பத்தியைக் கூட்டின, மின்வாரியங்கள் பல்பை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன, பல இடங்களில் கரண்ட் பில்லோடு மாதம் பத்து ரூபாய் தவணையாகவும் வசூலித்துக் கொடுத்தன. 36 கோடிக்கு மேல் பல்பு போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் அதில் ஏதோ ஒரு லாபம் இருந்தது, அதனால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்களேன். நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் பட்டறைக்காரர்கள், வங்கிகள், அரசு, பொறியாளர்கள் எல்லாரும் ஒரே மேசைக்கு வந்து, ஒரு சொட்டு சாயத்தண்ணீரும் வெளியேறாத பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை ஓட வைத்தார்கள். கைகோர்த்தது பாசத்தால் இல்லை, பூட்டால். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சில நேரம் பூட்டுதான் வேலை செய்யும். ஆனால் அந்த மேசையில் ஒரு நாற்காலி காலி. சாயத்தண்ணீரில் கடைசியாக மிஞ்சும் உப்புக் கழிவைச் சுண்டக் காய்ச்ச கரண்டும் எரிபொருளும் ஏகப்பட்டது வேண்டும். ஆற்றுக்காக யோசித்தவர்கள் புகைபோக்கியையும் சேர்த்து யோசித்திருந்தால் இன்று அந்தச் சுமை கொஞ்சமாவது குறைந்திருக்கும். இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

அகமதாபாத்தைப் பார்த்து நாடு முழுக்க வெப்பச் செயல்திட்டம் போட்டார்கள், அது நல்லதுதான். 2023ல் டெல்லி ஆராய்ச்சி மையம் ஒன்று அப்படிப்பட்ட 37 திட்டங்களை எடுத்துப் படித்தது. பணம் எங்கிருந்து வரும் என்று பேசியவை 11. யாருக்குப் பாதிப்பு அதிகம் என்று முறையாகக் கணக்கெடுத்தவை இரண்டே இரண்டு. மற்றவற்றில் துறைகளின் பட்டியல் மட்டும் நீளமாக இருந்திருக்கும், உங்கள் மேடையைப் போல.

நம் ஊரிலும் இந்தச் சிக்கல் வரத்தான் போகிறது. வெப்ப அலையைத் தமிழ்நாடு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல காரியம். ஆனால் வெயிலால்தான் செத்தார் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வருவாய்த்துறையிடம் பணம் கேட்க முடியும். அப்படி எழுத டாக்டருக்குப் பயிற்சி யார் தருவது? வெயில் எச்சரிக்கையைக் கட்டட மேஸ்திரிக்கு யார் சொல்வது?

அதனால் அடுத்த கூட்டத்துக்குப் போனால் கை தூக்கி ஒன்றைக் கேளுங்கள்: இங்கே பேசியதில் எதை, எந்தத் தேதிக்குள், இந்த அறையில் இருக்கும் எந்த ஆள் செய்யப் போகிறார்? பதவியைச் சொன்னால் போதாது, பெயரும் போன் நம்பரும் வேண்டும் என்று சொல்லுங்கள். உங்கள் சங்கத்தின் பங்காக, பாய்லர் ஓடுகிற யூனிட்டுகளில் மதிய ஷிப்டை மே மாதத்துக்கு மட்டும் மாற்றுவது பற்றி நீங்களே ஒரு வரைவை எழுதிக்கொண்டு போங்கள், வெறுங்கையோடு போனால் பொன்னாடைதான் மிஞ்சும். கூட்டத்தை பிப்ரவரியிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் கூடினால் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க நேரம் இருக்காது.

அன்புடன்.