இராக்கில் ஷியாக்கள் கைக்கு ஆட்சி வந்தது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஷியாக்கள்தானே அங்கே பெரும்பான்மை? 2003 வரை ஏன் ஆள முடியவில்லை?

பதில்: தலைகளின் எண்ணிக்கை வேறு, அதிகாரம் வேறு. ஒட்டோமான் துருக்கியர் காலத்திலிருந்தே ராணுவமும் உயர்பதவிகளும் பெரும்பாலும் இஸ்லாத்தின் மற்றொரு பிரிவான சுன்னிகள் வசம் இருந்தன. தங்களுக்கு எதிரான 1920 கிளர்ச்சியில் ஷியா மதகுருமார் முன்நின்றதை பிரிட்டிஷார் மறக்கவில்லை. மறு ஆண்டு அவர்கள் அரியணையில் ஏற்றிய ஃபைசலும் சுன்னி. பின்னாளில் சர்வாதிகாரி சதாம் உசேன், ஷியாக்களின் 1991 எழுச்சியை ரத்தத்தில் மூழ்கடித்தார். 2003இல் அமெரிக்கப் படையெடுப்பில் அவர் வீழ்ந்த இரண்டே வாரங்களில் லட்சக்கணக்கான ஷியாக்கள் துக்கத்தில் மார்பில் அறைந்துகொண்டு தங்கள் புனித நகரான கர்பலாவுக்கு நடந்தார்கள். அத்தனை காலம் அடக்கிவைத்த அழுகை அது.

கேள்வி: அமெரிக்கா தூக்கிக் கொடுத்த ஆட்சிதானே?

பதில்: பாதி உண்மை. அமெரிக்க நிர்வாகம் தான் நியமிக்கும் ஆட்களை வைத்தே அரசமைப்புச் சட்டம் எழுத நினைத்தது. எழுதுகிறவர்களை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2003 ஜூனில் புனித நகரான நஜஃபிலிருந்து ஃபத்வா (மதத் தீர்ப்பு) கொடுத்தவர் ஷியாக்களின் மூத்த மதகுரு ஆயத்துல்லா சிஸ்தானி. 2005 ஜனவரி 30 தேர்தலில் ஷியா கூட்டணிக்கு 275இல் 140 இடங்கள். சுன்னிகளில் பெரும்பாலோர் வாக்களிக்கவில்லை. அது பெரும் பிழை. அதைவிடப் பெரிய பிழை, அதற்கு முன்பே அமெரிக்க நிர்வாகம் இராக் ராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்து லட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பைப் பறித்தது.

கேள்வி: பிரதமர் ஷியா, அதிபர் குர்து, சபாநாயகர் சுன்னி என்பது சட்டமா?

பதில்: இல்லை, வழக்கம். 'முஹாஸஸா' என்பார்கள்; பங்கீடு.

கேள்வி: பாக்தாத் தெஹ்ரான் சொல்படிதானே ஆடுகிறது?

பதில்: ஈரானின் கை அங்கே நீளம்தான். அதன் ஆதரவுபெற்ற ஆயுதக் குழுக்கள் இராக் அரசிடமே சம்பளம் வாங்குகின்றன. ஆனால் ஷியா என்றாலே ஈரான் என்பதை நான் ஏற்கமாட்டேன். சிஸ்தானி ஈரானின் மஷ்ஹதில் பிறந்தவர். ஆனாலும் மதகுருவே நாட்டை ஆள வேண்டும் என்ற, ஈரான் புரட்சித் தலைவர் கொமேனியின் வழியில் அவர் போகவில்லை. 2019 அக்டோபரில் வேலையும் மின்சாரமும் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஷியா இளைஞர்கள். நஜஃபிலேயே ஈரானின் துணைத் தூதரகத்தைக் கொளுத்தினார்கள். நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தங்கள் ஆட்சி என்று நம்பிய ஆட்சியில் தங்கள் பிள்ளைகளையே பறிகொடுத்த அந்தத் தாய்மார்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

கேள்வி: சாதாரண மக்களுக்குள் அவ்வளவு பகையா?

பதில்: ஒரே குலத்தில் இரு பிரிவினரும் உண்டு, கலப்புத் திருமணங்களும் ஏராளம். 2006 பிப்ரவரியில் சாமர்ரா நகரில் ஷியாக்களின் புனிதத் தலமான அஸ்கரி தர்கா தகர்க்கப்பட்ட பிறகுதான் படுகொலைகள் கட்டுக்கடங்காமல் போயின. பாக்தாத் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது பெயரே உயிரைத் தீர்மானித்தது. உமர் என்பது சுன்னிகள் வைக்கும் பெயர்; அந்தப் பெயருள்ள இளைஞர்கள் வேறு பெயரில் இன்னொரு அட்டையும் வைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினார்கள்.